‘பிரேக் அப்’ என்றால் காதல் முறிவு மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது நாகர்கோவிலில் வீட்டு மாடியில் வைத்து, வெளிநாடு போகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கிலப் பகுதியை விடாமல் படிப்பேன். சென்ற வாரப் பட்டியலில் ‘பிரேக் அப்’, ‘பிரேக் ஆஃப்’, ‘பிரேக் அவே’, ‘ஸ்ப்ளிட் அப்’, ‘பார்ட் வித்’ ஆகிய ஐந்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, ஐந்துக்கும் எதிரே ‘பிரிதல்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். யாரோ அவசரத்தில் செய்த வேலை என்று விட்டிருப்பேன். ஆனால் மறுநாள் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பத்திரிகையில் வந்தால் அது வேதவாக்கு. டீச்சர் சொன்னால் சந்தேகம் கேட்பார்கள். அச்சில் வந்ததைக் கேட்க மாட்டார்கள்.

அதனால்தான் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது. இடம் இல்லையென்றால் என் புலம்பலை வெட்டிவிடுங்கள், எடுத்துக்காட்டுகளை வெட்ட வேண்டாம்.

இங்கிலாந்தில் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பையனை டிஸ்சார்ஜ் செய்யும்போது, அடுத்த செக்கப்புக்கு எப்போது வர முடியும் என்று அவன் அம்மாவைக் கேட்டிருக்கிறாள். “தே பிரேக் அப் ஆன் ஃப்ரைடே, எனி டே ஆஃப்டர் தட்” என்று அந்த அம்மா சாதாரணமாகச் சொல்ல, இவள் முகம் சுருங்கி, “ஐ ஆம் ஸோ ஸாரி” என்றிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “பையனோட அப்பாவும் அம்மாவும் வெள்ளிக்கிழமை டைவர்ஸ் பண்ணப் போறாங்கன்னு நினைச்சுட்டேன் டீச்சர்” என்று போனில் சொல்லிச் சிரிக்கிறாள். விஷயம் இவ்வளவுதான்: பிரிட்டனில் பள்ளிக்கூடம் பருவம் முடிந்து லீவு விடுவதற்கும் ‘பிரேக் அப்’ என்றுதான் சொல்வார்கள். வெள்ளிக்கிழமையோடு ஸ்கூல் லீவு, அதற்குப் பிறகு எந்த நாள் என்றாலும் சரி என்கிறார் அந்த அம்மா. இதில் பிரிகிறவர் யாரும் இல்லை, ஒரு வகுப்பு கலைகிறது.

‘கலைகிறது’ என்ற இந்த வினைதான் உங்கள் பட்டியலில் வந்திருக்க வேண்டியது. கூட்டம் கலைந்தது, விருந்து கலைந்தது, சபை கலைந்தது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘பிரேக் அப்’ பொருந்தும். ‘பிரிதல்’ ஒன்றைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் “மீட்டிங் பிரிந்தது” என்று எழுதுகிறார்கள். எழுதினார்கள், என் வகுப்பிலேயே.

இன்னும் சொல்கிறேன். சிறுநீரகக் கல்லுக்கு அதிர்வலைச் சிகிச்சை கொடுக்கப் போகும் டாக்டர், ‘வீ வில் பிரேக் அப் தி ஸ்டோன்’ என்பார். அங்கே கல்லைப் பொடியாக்குகிறார்கள். நெஞ்சுச் சளிக்காக பிசியோதெரபிஸ்ட் முதுகில் தட்டும்போது சளியை ‘பிரேக் அப்’ செய்கிறோம் என்றால், இளக்குகிறோம் என்று பொருள். இரவு டியூட்டியில் இன்னொரு வார்டிலிருந்து போன் வருகிறது: ‘யூ ஆர் பிரேக்கிங் அப்.’ உன் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது, திரும்பச் சொல் என்று கேட்கிறார்கள். மருந்தின் அளவைச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த ஒரு வாக்கியம் புரியாமல் போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கக்காரர்கள் துக்கத்தில் நொறுங்கிப்போனவரையும் ‘பிரோக்கன் அப்’ என்பார்கள். கலைதல், பொடியாதல், இளகுதல், விட்டு விட்டுக் கேட்டல், நொறுங்குதல் என்று தமிழில் இத்தனை வினை கையில் இருக்கும்போது, ஒரே ஒரு ‘பிரிதல்’ போட்டு மூடிவிடுவது தமிழுக்கும் கஞ்சத்தனம், ஆங்கிலத்துக்கும் கஞ்சத்தனம்.

கப்பலையும் மறந்துவிடக் கூடாது. பிரிட்டனில் 2020இல் வெளியிட்ட இருபது பவுண்டு நோட்டை, அங்கே இருக்கும் பிள்ளைகள் யாரும் பர்ஸிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். ஓவியர் டர்னரின் முகமும், அவர் வரைந்த கப்பலும் அதில் இருக்கின்றன. 1805 டிரஃபால்கர் போரில் சண்டையிட்ட ‘டெமரேர்’ என்ற கப்பல் அது. வயதாகிப்போன அதை 1838இல் தேம்ஸ் நதி வழியே இழுத்துப் போனார்கள். மறுவருடம் அவர் காட்சிக்கு வைத்த ஓவியத்தின் நீண்ட தலைப்பிலேயே, கடைசித் துறைக்கு இழுத்துச் செல்லப்படுவது எதற்கு என்று சொல்லியிருக்கிறது: ‘டு பி பிரோக்கன் அப்’. பலகை பலகையாக, இரும்பு இரும்பாகக் கழற்றி உடைத்துப் போட. நம் குஜராத்தின் அலங் கடற்கரையில் இன்றும் நடப்பது அதே வேலைதான். இங்கே போய் ‘கப்பல் பிரிந்தது’ என்றால், கரையை விட்டுக் கிளம்பிவிட்டது என்றுதான் நாம் நினைப்போம்.

பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது பின்னால் ஒட்டியிருக்கும் அந்தக் குட்டிச் சொல்லைத்தான். ‘பிரேக்’ எல்லாவற்றுக்கும் பொது. வேலையைச் செய்வது ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவே’. ஒரு முழுக் கருப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் போட ஓரத்தில் ஒரு துண்டை உடைத்து எடுத்தால் அது ‘பிரேக் ஆஃப்’. சுக்குக் காப்பிக்காக முழுவதையும் நொறுக்கிப் போட்டால் ‘பிரேக் அப்’. முன்னதில் கருப்பட்டி இன்னும் கருப்பட்டியாகவே இருக்கிறது, ஒரு மூலைதான் போயிருக்கிறது. பின்னதில் கருப்பட்டி என்ற உருவமே இல்லை. ‘ஈட் அப்’, ‘டேர் அப்’, ‘யூஸ் அப்’ எல்லாவற்றிலும் இந்த ‘அப்’ கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்கிறது: முழுக்க முடித்துவிடுகிறது. தமிழில் தின்று தீர்த்தான், கிழித்துப் போட்டான், உடைத்துவிட்டான் என்கிறோமே, அந்தத் தீர்த்தல், போடுதல், விடுதல் மாதிரி. நாம் துணைவினையைப் பின்னால் சேர்த்துச் செய்வதை அவர்கள் ஒரு குட்டிச் சொல்லால் செய்கிறார்கள். இதைச் சொன்னவுடன் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்குத்தான் முதலில் பிடிபடுகிறது. ஆங்கில வழிப் பிள்ளைகள் கொஞ்சம் முழிப்பார்கள். அவர்களுக்குத் துணைவினை என்றால் என்ன என்று தனியாக ஒரு பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது.

இது நமக்கு மட்டும் கஷ்டமா என்றால் இல்லை. 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதிக்கு எழுதிய முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்: வினையின் பின்னால் இப்படி ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றுவது வேறெந்த மொழியையும்விட ஆங்கிலத்தில்தான் அதிகம் போலும், அந்நியருக்கு மிகப் பெரிய சிரமம் தருவதும் இதுதான் என்று. அவர் அடுக்கிய எடுத்துக்காட்டுகளில் ‘பிரேக் ஆஃப்’ உண்டு. அதற்கு அவர் தந்த பொருள், சட்டென்று நிறுத்துதல். பிரிதல் என்று அவர்கூட எழுதவில்லை! பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினால் ‘ஹீ பிரோக் ஆஃப்’. இரு நாடுகள் பேச்சுவார்த்தையைப் பாதியில் முறித்தால் அதுவும், கல்யாண நிச்சயம் முறிந்தால் அதுவும் இதே ‘பிரேக் ஆஃப்’தான். இந்த வகை வினைகளுக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் அச்சில் புழக்கத்துக்கு வந்தது 1925இல், லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலில். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி சொல்லித் தந்த பெயர் என்று அவரே குறித்திருக்கிறார். தொல்லை பழையது, பெயர்தான் புதிது.

‘பிரேக் அவே’ பற்றிச் சொல்லும்போது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சூடு ஏறும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஒன்றிலிருந்து ஒரு பகுதி தானாக விலகிப் போவது ‘பிரேக் அவே’. விட்டுப் போன பிறகும் பெரியது அதே பெயரோடு நிற்கும். 1971இல் வங்கதேசம் பாகிஸ்தானை விட்டுப் பிரிந்தது. பாகிஸ்தான் இன்றும் இருக்கிறது. ஆக ‘பிரேக் அவே’. 1949இல் அண்ணாவும் மற்றவர்களும் திராவிடர் கழகத்தை விட்டு வெளியேறி திமுகவைத் தொடங்கியதும் இதில்தான் சேரும். தாய்க் கழகம் தன் வழியில் தொடர்ந்தது. ஆனால் 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியத்துக்கு நடந்தது ‘பிரேக் அப்’. 15 நாடுகள் மிஞ்சின, ஒன்றியம் மிஞ்சவில்லை. 1993 ஜனவரி முதல் நாளில் செக்கோஸ்லோவாக்கியா இரண்டு நாடாகப் பிரிந்ததற்கு ‘ஸ்ப்ளிட் அப்’ என்றும் சொல்லலாம், ‘பிரேக் அப்’ என்றும் சொல்லலாம். ‘செக்கோஸ்லோவாக்கியா பிரோக் அவே’ என்று மட்டும் சொல்ல முடியாது. எதிலிருந்து விலகியது என்ற கேள்வி வந்துவிடும்.

இப்போது எங்கள் மாவட்டம். ‘கன்னியாகுமரி பிரோக் அவே ஃப்ரம் கேரளா இன் 1956’ என்று கட்டுரை எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. அந்த ஒரு வரியில் இரண்டு தப்பு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் இருந்தது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில். நாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த அதே 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் கேரளா என்ற மாநிலமே பிறந்தது. அன்றைக்குப் பிறந்த ஒன்றிலிருந்து அன்றைக்கே எப்படி விலகி வருவது? இன்னொன்று, மார்ஷல் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் எத்தனையோ போராடியது உண்மை. ஆனால் கடைசியில் எல்லை மாறியது மாநில மறுசீரமைப்புச் சட்டத்தால். நாம் கோபித்துக்கொண்டு விலகிவரவில்லை. சட்டம் போட்டு இங்கிருந்து அங்கே மாற்றினார்கள். அதற்கு ‘வாஸ் டிரான்ஸ்ஃபர்ட்’ என்று எளிமையாக எழுதிவிட்டுப் போகலாம். எல்லா இடத்திலும் ஃப்ரேசல் வெர்ப் போட்டால்தான் ஆங்கிலம் வந்துவிட்டது என்று நினைப்பதும் ஒரு வியாதி.

உங்கள் பட்டியலில் ‘பிரித்தல்’ விட்டுப்போனதும் சின்ன விஷயம் இல்லை. தமிழில் தன்வினை, பிறவினை இரண்டும் உருவிலேயே தெரிந்துவிடும். பிரிந்தார்கள், பிரித்தார்கள். கூட்டம் கலைந்தது, போலீசார் கூட்டத்தைக் கலைத்தனர். ஆங்கிலத்தில் ‘பிரேக் அப்’ இரண்டுக்கும் ஒரே உடுப்பில் வரும். ‘தி கிரவுட் பிரோக் அப்’ என்றால் தானே கலைந்தது. ‘தி போலீஸ் பிரோக் அப் தி கிரவுட்’ என்றால் அடித்துக் கலைத்தது. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தை 34 கம்பெனிகளாக உடைத்தார்களே, அதுவும் ‘பிரேக் அப்’தான், அந்தக் கம்பெனி விரும்பிப் பிரியவில்லை. யார் செய்தார்கள், எதைச் செய்தார்கள் என்று வினைக்கு முன்னும் பின்னும் பார்த்தால்தான் தெரியும். ‘பிரிதல்’ என்ற ஒற்றைச் சொல்லில் அந்தப் பாதி மறைந்துபோகிறது.

சரி, காதலுக்கு வருகிறேன். எல்லோரும் இதற்காகத்தான் காத்திருப்பீர்கள். “எனக்கு பிரேக்கப் ஆயிடுச்சு” என்பது இப்போது சுத்தமான தமிழ் வாக்கியம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆங்கிலத்தில் பேசும்போதுதான் தகராறு. ‘ஷீ பிரோக் அப் ஃப்ரம் ஹிம்’ என்று எழுதுகிறார்கள், விட்டுப் பிரிகிறாள் என்பதால் ‘ஃப்ரம்’ வரும் என்று கணக்குப் போட்டு. வருவது ‘வித்’. பிரிவதற்கு எதற்கு ‘ஓடு’ என்று கேட்பார்கள். ‘அவனோடு உறவை முறித்துக்கொண்டாள்’ என்று நம் வீடுகளில் சொல்வதில்லையா? அந்த ‘ஓடு’ புரிந்தால் இந்த ‘வித்’தும் புரியும். இன்னொரு நுணுக்கமும் உண்டு: ‘தே பிரோக் அப்’ என்றால் யார் முடித்துவைத்தது என்று தெரியாது, ‘ஷீ பிரோக் அப் வித் ஹிம்’ என்றால் முடிவு அவளுடையது. இந்த வித்தியாசத்தில் வெள்ளைக்காரர்கள் படு கவனம். கல்யாணமானவர்கள் பிரிந்தால் பெரும்பாலும் ‘வீ ஹாவ் ஸ்ப்ளிட் அப்’ என்று கேட்கலாம். நோயாளியின் விவரப் படிவத்தில் ‘செப்பரேட்டட்’, ‘டைவர்ஸ்டு’ என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ‘ஸ்ப்ளிட் அப்’ என்று காதில் விழுந்தவுடன் விவாகரத்து என்று நர்ஸ் தானாக டிக் போட்டுவிடக் கூடாது, கேட்டுத்தான் போட வேண்டும்.

‘பார்ட் வித்’ இந்தக் கூட்டத்தில் எப்படி நுழைந்தது என்றே தெரியவில்லை. மனசில்லாமல் ஒரு பொருளைக் கைவிட்டுக் கொடுப்பது அது. எங்கள் பக்கத்துப் பழைய பாட்டிமார் காதில் கிடந்த பாம்படத்தை எவ்வளவு கஷ்டத்திலும் கழற்றித் தர மாட்டார்கள். ‘ஷீ வுட் நாட் பார்ட் வித் இட்.’ ஆளை விட்டுப் பிரிவதற்கு ‘பார்ட் ஃப்ரம்’, அதுவும் இப்போது எழுத்தில்தான். உங்கள் பட்டியலை நம்பி ஒரு பிள்ளை ‘ஐ பார்ட்டட் வித் மை மதர் அட் தி ஏர்போர்ட்’ என்று எழுதினால், விமான நிலையத்தில் அம்மாவை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தாள் என்று ஆகிவிடும்.

நம் அலுவலகங்களில் மட்டும் புழங்கும் இன்னொரு ‘பிரேக்கப்’பையும் சொல்லிவிடுகிறேன். சம்பள பிரேக்கப், மார்க் பிரேக்கப், பில் பிரேக்கப். எதற்கு எவ்வளவு என்ற விவரம். வெளிநாட்டில் இதற்குப் பெரும்பாலும் ‘பிரேக் டவுன்’ என்பார்கள். ‘பிரேக் டவுன்’ என்றால் வண்டி நின்றுபோவது என்று மட்டுமே தெரிந்த பிள்ளை, சம்பளச் சீட்டின் ‘பிரேக் டவுன்’ வேண்டுமா என்று கேட்டால் பயந்துவிடுகிறாள். சட்டத்திலும் திருமணம் ‘பிரேக் டவுன்’தான் ஆகும்: 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, மீட்க முடியாதபடி முறிந்துபோன திருமணத்தை 142ஆம் பிரிவின் கீழ் தானே கலைக்கலாம் என்று சொன்ன செய்தியை நீங்களும் போட்டிருந்தீர்கள். அந்த முறிவுக்கு ஆங்கிலத் தீர்ப்பில் இருப்பது ‘பிரேக் டவுன்’. சட்டத்தின் உட்பகுதிக்கும் நாம் ‘பிரிவு’ என்றே பெயர் வைத்திருக்கிறோம், அது வேறு கதை.

இலக்கணமாக ஒன்றே ஒன்று. ‘இட்’, ‘தெம்’ மாதிரி பிரதிப்பெயர் வந்தால் நடுவில் போய் உட்காரும்: ‘பிரேக் இட் அப்’, ‘பிரேக் இட் ஆஃப்’. ‘பிரேக் அப் இட்’ தவறு. ‘பார்ட் வித் இட்’டில் மட்டும் அது கடைசியில்தான் நிற்கும். இந்த இரண்டு வரிக்கு உங்கள் பட்டியலில் இடம் இல்லாமல் போனது எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் தேர்வில் கேட்பது இதைத்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஐந்து வேண்டாம், ஒன்று போதும். அதற்குச் சொல் எதிரே சொல் போடாமல், நாலு ஆங்கில வாக்கியமும் அந்த நாலுக்கும் நம் வீட்டில் எப்படிச் சொல்வோமோ அப்படித் தமிழும் கொடுங்கள். முறிந்தது, கலைந்தது, உடைத்துப் போட்டார்கள், விலகிப் போனார்கள் என்று தமிழ் வினை மாற மாறத்தான் ஆங்கிலத்தில் எங்கே என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்குப் பிடிபடும். அந்தப் பகுதியைத் தயாரிப்பவர் யாராக இருந்தாலும், வாக்கியங்கள் வேண்டுமென்றால் என் நோட்டில் கட்டுக்கட்டாக இருக்கின்றன, அனுப்பித் தருகிறேன். காசு வேண்டாம்.

பட்டியலின் அடியில் ‘அடுத்த வாரம்: கம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தைச் சாதாரணத் தபாலில் போடாமல் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். ‘ஐ ஹாவ் கம் ஆஃப் தி டேப்லெட்ஸ்’ என்று நோயாளி சொன்னால், மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று பொருள். தயவுசெய்து ‘கம் ஆஃப்’ எதிரே ‘வருதல்’ என்று போட்டுவிடாதீர்கள். பிரஷர் மாத்திரையை விட்டுவிட்ட ஆளை, மாத்திரையும் கையுமாக வந்திருக்கிறார் என்று என் பிள்ளை சார்ட்டில் எழுதி வைத்துவிடுவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
வடசேரி, நாகர்கோவில்.